30 லட்சத்துக்கு ஏலம் போன பையனுக்கு கையில எவ்ளோ வரும்?

கேள்வி: சார் வணக்கம். திண்டுக்கல்ல ஹார்டுவேர்ஸ் கடை வச்சிருக்கேன். எங்க அக்கா பையன், 21 வயசு, டிஎன்பிஎல் ஆடிட்டு இருந்தான், இப்ப ஐபிஎல் ஏலத்துல ஒரு டீம் 30 லட்சத்துக்கு எடுத்திருக்கு. அத்தான் இப்ப இல்ல, தாய்மாமன் நான்தான் கணக்கு வழக்கு பாக்கணும். அக்கா வீட்டு மேல 28 லட்சம் கடன் நிக்குது, இதை வச்சு அடைச்சிடலாம்னு இருக்கோம். டேக்ஸ் எவ்ளோ போகும்? வெளிநாட்டு ப்ளேயருக்கு 20% தான், நம்ம பசங்களுக்கு மட்டும் 30% ன்னு சொல்றாங்களே அது ஏன்? டல்லாஸ்ல இருக்கிற என் மச்சான் வேற, அங்கெல்லாம் வரி இல்லாத ஊர் டீம்தான் கப் அடிக்குதுங்கறான். நம்ம ஊர்லயும் டீமுக்கு டீம் வரி மாறுமா? பேர் போட வேண்டாம் சார்.

பதில்:

அண்ணே, முதல்ல பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க. நத்தம் என்பிஆர் காலேஜ் கிரவுண்ட்ல ராத்திரி லைட்டுல டிஎன்பிஎல் மேட்ச் பாத்தவன் நான், அங்க எத்தன பசங்க நாக்கு தள்ள ஓடிட்டு இருக்காங்கன்னு தெரியும், அதுல இருந்து ஒருத்தன் மேல வர்றது சாதாரண விஷயம் இல்ல. வாழ்த்து சொன்ன கையோட ஒரு கெட்ட சேதியும் சொல்லிடறேன், அந்த 28 லட்சத்த இந்த ஒரு சீசன் பணத்துல மொத்தமா அடைக்க முடியாது. பேங்க்ல போய் தேதி கீதி எதுவும் சொல்லிட்டு வந்துடாதீங்க.

ஏலத்துல சுத்தியல தட்டி சொல்றாங்களே ஒரு தொகை, அது வரிக்கு முந்தின தொகை. நீங்க கடைக்காரர், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மாசம் 10 லட்சத்துக்கு பைப்பும் பெயிண்டும் வித்தா 10 லட்சம் லாபம்னு வீட்ல சொல்வீங்களா? டிவில மட்டும் ஏனோ நாம எல்லாருமே அப்படித்தான் நம்பிடறோம்.

பையன் அந்த டீம்ல சம்பளத்துக்கு வேலை பாக்கறவன் இல்ல, டாக்டர் வக்கீல் மாதிரி தொழில் பண்றவன்னுதான் வரி கணக்குல வருவான். 2008 ஆகஸ்ட்ல, முதல் ஐபிஎல் முடிஞ்ச கையோட, மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு நோட்டிஃபிகேஷன் போட்டுச்சு, விளையாட்டு வீரர், அம்பயர், கோச், பிசியோ, கமெண்டேட்டர் எல்லாரும் தொழில்முறை ஆளுங்க, இவங்களுக்கு பணம் குடுக்கும்போது டிடிஎஸ் (முன்கூட்டியே கழிச்சு அரசுக்குக் கட்டற வரி) பிடிக்கணும்னு. அதுப்படி டீம் 10% பிடிச்சிட்டுத்தான் குடுக்கும். 30 லட்சத்துல 3 லட்சம் அங்கயே போயிடும், பேங்க்ல வந்து விழறது 27. பிரச்சினை என்னன்னா முக்கால்வாசிப் பேர் அந்த 10% ஓட வரி முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க.

2025 பட்ஜெட்ல வந்த புது ஸ்லாப்படி கணக்கு போட்டு பாப்போம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல, அடுத்தடுத்து ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25% ன்னு ஏறிட்டே போய் 24 லட்சத்துக்கு மேல 30%. ஒரு பைசா செலவு காட்டாம 30 லட்சத்துக்கும் வரி போட்டா 4,80,000, அது மேல 4% செஸ், மொத்தம் 4,99,200. டிடிஎஸ் போனது 3 லட்சம்தான், அப்ப இன்னும் 2 லட்சம் கிட்ட கையில இருந்து கட்டணும். சம்பளக்காரங்களுக்கு கிடைக்கிற 75,000 நிலைக் கழிவும் இவனுக்குக் கிடையாது.

ஆனா தொழில் பண்றவனுக்கு ஒரு வசதி இருக்கு, தொழிலுக்கு செஞ்ச செலவ கழிச்சிக்கலாம். பேட்டு, பேடு, ஸ்பைக்ஸ், ஜிம், பிசியோ, பர்சனல் கோச், மேனேஜர் இருந்தா அவருக்குக் குடுக்கற கமிஷன், சென்னைக்கு பிராக்டிஸுக்கு வந்து போற ரயில் டிக்கெட்டு, அங்க தங்கற ரூம் வாடகை. இதெல்லாம் சேத்து வருஷத்துக்கு 4 லட்சம் ஆச்சுன்னு வைங்க, 26 லட்சத்துக்குத்தான் வரி, 3,74,400. இப்ப கையில இருந்து கட்ட வேண்டியது 74,400 தான். ஆக 30 லட்சத்துல வரியும் செலவும் போக பையன்ட்ட நிக்கறது சுமார் 22 லட்சத்து 25 ஆயிரம். உங்க அக்காட்ட சொல்ல வேண்டிய நம்பர் இதுதான்.

இந்த செலவு கழிக்கிற விஷயத்துல என்கிட்ட வந்த ஒரு பையனப் பத்தி சொல்லணும். ரஞ்சி லெவல்ல ஆடினவன், முதல் பெரிய காண்ட்ராக்ட் வந்த வருஷம், ஜூலைல ரிட்டர்ன் போட வந்தான், கையில ஒரு ஷூ டப்பா. உள்ள பூரா பில்லு. பாவம் அம்மா சொன்னாங்கன்னு எல்லாத்தையும் பத்திரமா போட்டு வச்சிருக்கான், ஆனா தொறந்து பாத்தா பாதி பில்லு வெள்ளை பேப்பர்! அந்த வழவழப்பான ரசீது பேப்பர் இருக்கே, பெட்ரோல் பங்க்லயும் ஸ்போர்ட்ஸ் கடையிலயும் குடுக்கறது, சென்னை வெயிலுக்கு நாலு மாசத்துல எழுத்து பூரா மறைஞ்சிடும். லைட்டுல சாய்ச்சு சாய்ச்சு பாத்தோம், ஒரு பேட்டு பில்லுல கடைசி ரெண்டு சைபர் மட்டும் தெரிஞ்சுது. காசா குடுத்த பிசியோ ஃபீஸுக்கு ரசீதே இல்ல. அதோட முதல் தவணை வந்த வாரமே கார் புக் பண்ணிட்டான், வரி கட்ட காசு இல்ல, கடைசில அட்வான்ஸ் டேக்ஸ் (வருஷம் முடியறதுக்குள்ள தவணையா கட்ட வேண்டிய வரி) கட்டாததுக்கு மாசம் 1% வட்டி வேற சேந்து அப்பா பேர்ல இருந்த எஃப்டிய உடைச்சாங்க. அதனால சொல்றேன், பில் வாங்கின அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணிடச் சொல்லுங்க, முடிஞ்ச வரைக்கும் யுபிஐலயே குடுக்கச் சொல்லுங்க, தடம் இருக்கும்.

இன்னொரு பொறி இருக்கு. யாராவது தெரிஞ்சவங்க வந்து, தம்பி 44ஏடிஏங்கிற செக்ஷன்ல போட்டுடலாம், பாதி வருமானத்துக்கு வரி கட்டினா போதும், பில்லே வேண்டாம்னு சொல்வாங்க. (2026 ஏப்ரல் 1ல இருந்து 2025 வருஷத்து புதுச் சட்டம், செக்ஷன் நம்பரெல்லாம் மாறிடுச்சு, ஆனா ஆடிட்டருங்க நாங்க இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு பழைய நம்பர்லதான் பேசுவோம், கண்டுக்காதீங்க.) அந்த வசதி டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சினிமா கலைஞர் இப்படி ஒரு குறிப்பிட்ட லிஸ்ட்டுக்குத்தான். 2008ல விளையாட்டு வீரர சேத்தது டிடிஎஸ் பிடிக்கிறதுக்கான லிஸ்ட்ல, இந்த லிஸ்ட்ல இல்ல. நான் போட மாட்டேன், போடறேன்னு சொல்றவர்ட்ட பையன அனுப்பவும் வேண்டாம்.

லிஸ்ட் மாறினா தலையெழுத்தே மாறும்ங்கறதுக்கு ஒரு சுவாரசியமான கேஸ் இருக்கு, நம்ம சச்சின் டெண்டுல்கரோடது. இஎஸ்பிஎன், பெப்சி, விசா கம்பெனிங்க கிட்ட இருந்து வெளிநாட்டு கரன்சியில வந்த விளம்பரப் பணம் கிட்டத்தட்ட 5.92 கோடி. அதுக்கு அவர் 80ஆர்ஆர்ங்கிற செக்ஷன்ல கழிவு கேட்டாரு, அது நடிகர், எழுத்தாளர், விளையாட்டு வீரர் மாதிரி ஆளுங்களுக்கு வெளிநாட்டு வருமானத்துல கிடைக்கிற கழிவு. டிபார்ட்மென்ட் என்ன சொல்லுச்சுன்னா, நீங்க கிரிக்கெட்டர், விளம்பரத்துல வந்தது கிரிக்கெட் வருமானம் இல்லயே. அவர் சொன்னாரு, கேமரா முன்னாடி நிக்கும்போது நான் நடிகர்! 2011ல மும்பை வருமான வரி ட்ரிப்யூனல் அவர் பக்கம்தான் தீர்ப்பு குடுத்துச்சு. அந்தக் கழிவெல்லாம் இப்ப இல்ல, ஆனா ஆட்டத்துல வர்ற காசும் விளம்பரத்துல வர்ற காசும் வேற வேற கணக்குங்கற விஷயம் மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க, நாளைக்கு உங்க ஊர் ஜவுளிக்கடைக்காரர் பையன வச்சு ஃப்ளெக்ஸ் அடிச்சா அதுக்குக் குடுக்கற காசுக்கும் வரி உண்டு.

அட்வான்ஸ் டேக்ஸ் தேதி நாலு, ஜூன் 15க்குள்ள 15%, செப்டம்பர் 15க்குள்ள 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும். ஐபிஎல் மார்ச் கடைசில ஆரம்பிக்குது, இதுல ஒரு சிக்கல், காண்ட்ராக்ட்ல முதல் தவணை மார்ச் 31க்கு முன்னாடியே வந்துட்டா அது பழைய வருஷக் கணக்குல விழும், மிச்சம் புது வருஷத்துல. ஒரு வகையில நல்லதுதான், ரெண்டு வருஷமா பிரிஞ்சா ரெண்டு தடவை கீழ் ஸ்லாப் கிடைக்கும், ஆனா கவனிக்காம விட்டா பழைய வருஷத்துக்கு ரிட்டர்ன்ல காட்டாம விட்டதா நோட்டீஸ் வரும். ஜிஎஸ்டி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, 20 லட்சம் தாண்டுது, ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து 18% பில் போடணும். காண்ட்ராக்ட்ல ஜிஎஸ்டி தனின்னு இருக்கா உள்ளடங்கலான்னு கையெழுத்துக்கு முன்னாடி பாத்துடுங்க, உள்ளடங்கல்னா மேல போட்ட கணக்கு பூரா கீழ எறங்கிடும்.

நல்ல சேதியும் ஒண்ணு இருக்கு. 2025 சீசன்ல இருந்து மேட்ச் ஃபீஸ்னு ஒண்ணு வந்திருக்கு, களத்துல எறங்கற ஒவ்வொரு மேட்சுக்கும் 7.5 லட்சம், ஏலத்தொகைக்கு மேல தனியா. பையன் நாலே நாலு மேட்ச் ஆடினா இன்னொரு 30 லட்சம். அப்ப வருமானம், செலவு 4 லட்சம் போக, 56 லட்சம். 50 லட்சம் தாண்டினதால 10% சர்சார்ஜும் (வரி மேல போடற கூடுதல் வரி) சேரும், வரி மொத்தம் 14 லட்சத்து 41 ஆயிரம் சொச்சம். கடன் விஷயத்த அப்ப பேசலாம்.

சரி, ரெண்டாவது கேள்வி. வெளிநாட்டுக்காரனுக்கு 20%, நமக்கு 30%, அநியாயம்னு கேக்கறீங்க. எல்லாருமே கேக்கறதுதான், பாதி உண்மை.

இந்தியாவுல குடியிருக்காத, இந்தியக் குடிமகனும் இல்லாத ஒரு வீரர் இங்க வந்து ஆடினா 115பிபிஏன்னு தனி செக்ஷன், மொத்தத் தொகைல 20%, அதோட சர்சார்ஜ், செஸ். மேனேஜர் கமிஷன் பிசியோ ஃபீஸ் எதையும் கழிக்க முடியாது, ஸ்லாப்பும் கிடையாது, முதல் ரூபாய்லயே 20 ஆரம்பிச்சிடும். டீமே பிடிச்சு கட்டிடும், அவருக்கு இங்க வேற வருமானம் இல்லேன்னா ரிட்டர்ன் கூட போட வேண்டாம், அந்த நிம்மதி மட்டும் உண்டு. இப்ப உங்க பையன் மாதிரியே 30 லட்சத்துக்கு எடுத்த ஒரு வெளிநாட்டுப் பையன வைங்க, அவன் கட்டறது செஸ்ஸோட 6,24,000. உங்க பையன் செலவே காட்டலன்னாலும் 4,99,200 தான். பாத்தீங்களா, கீழ்மட்டத்துல நம்ம பசங்களுக்குத்தான் கம்மி!

மேல போகப் போகத்தான் கதை மாறும். 18 கோடி வாங்கற இந்திய வீரர் செலவு காட்டலன்னா வரி கிட்டத்தட்ட 6.97 கோடி, அதே 18 கோடிக்கு வெளிநாட்டுக்காரர் கட்டறது 26% மேனிக்கு 4.68 கோடி. ரெண்டே கால் கோடிக்கு மேல வித்தியாசம். ஆனா அவர் கதை இங்க முடியல, ஆஸ்திரேலியாவுல குடியிருக்கிறவர்னா ஊருக்குப் போனதும் அங்க மேல் ஸ்லாப் 45%, இங்க கட்டினத கழிச்சிட்டு மிச்சத்த அங்க கேப்பாங்க. உண்மையிலேயே மிச்சம் பிடிக்கிறது யாருன்னா துபாய் மாதிரி வருமான வரியே இல்லாத ஊர்ல நெஜமாவே குடியிருக்கிறவர்தான். ஆக அந்த 20% சலுகைன்னு இல்ல, பறந்து போற ஆள்ட்ட கணக்கு வழக்கு பாக்க முடியாதுன்னு வாசல்லயே சுளுவா பிடிச்சிக்கிற ஏற்பாடு, அவ்ளோதான்.

இதுலயே இன்னொரு கூத்து. 2025 டிசம்பர் ஏலத்துல கேமரன் கிரீன கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்துச்சுல்ல, அவருக்கு அதுல வர்றது 18 கோடிதான், மினி ஏலத்துல வெளிநாட்டு வீரருக்கு உச்சவரம்பு வச்சிருக்காங்க, மீதி 7.20 கோடி வீரர் நலனுக்குன்னு கிரிக்கெட் போர்டுக்குப் போயிடும். டீமோட பர்ஸ்ல (வீரருங்களுக்கு செலவழிக்க அனுமதிச்ச மொத்தத் தொகை) இருந்து மட்டும் 25.20 முழுசும் கழியும். வரிக்கு முன்னாடியே ஒரு வெட்டு!

இப்ப உங்க மச்சான் விஷயத்துக்கு வர்றேன், உண்மையச் சொன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான்.

நம்ம ஊர்ல வருமான வரி மத்திய அரசோடது. சேப்பாக்கத்துல ஆடினாலும் மொஹாலில ஆடினாலும் லக்னோல ஆடினாலும் ஒரே ஸ்லாப். பத்து டீமுக்கும் 2025ல 120 கோடி பர்ஸ், பத்து டீம் வீரருக்கும் ஒரே வரி, அதனால வரிய காட்டி எந்த டீமும் எந்த வீரரையும் இழுக்க முடியாது. டீம் நடத்தற கம்பெனிக்கு வீரருக்குக் குடுக்கற பணம் முழுச் செலவு, லாபம் வந்தா 25.168% கம்பெனி வரி, ப்ளேயரோட வரி அவன் தலவலி. டீமுக்கு இருக்கிற ஒரே பயம் டிடிஎஸ்தான், வெளிநாட்டு வீரருக்கு பிடிக்க மறந்துட்டா அந்தத் தொகை பூராவையும் செலவா ஒத்துக்க மாட்டாங்க. 18 கோடி செலவு கணக்குலயே இல்லேன்னு ஆனா ஆடிட்டர் கதி என்ன ஆகும்னு யோசிங்க. (கிரிக்கெட் போர்டு வரியே கட்டறதில்லயேன்னு அடுத்த கேள்வி வரும், அது அறக்கட்டளை பதிவுல வரிவிலக்கு கேக்கற அமைப்பு, ஐபிஎல் பெரிய வியாபாரமாச்சேன்னு டிபார்ட்மென்ட் கேட்டதுக்கு 2021ல மும்பை ட்ரிப்யூனல் போர்டு பக்கம் நின்னுச்சு. டீம் கம்பெனிகளுக்கு அந்த விலக்கு இல்ல.)

அமெரிக்கால மத்திய வரி போக மாநிலத்துக்கு மாநிலம் தனி வருமான வரி. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா, டென்னசி, நெவாடா, வாஷிங்டன் இங்கெல்லாம் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. கலிஃபோர்னியால உச்சத்துல 13.3%. இப்ப ஐஸ் ஹாக்கி லீக் என்எச்எல்ல எல்லா டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, 2025-26க்கு 95.5 மில்லியன் டாலர், நம்ம பர்ஸ் மாதிரியே. ஃப்ளோரிடா டீம்காரன் ஒரு வீரர்ட்ட, அங்க 10 மில்லியன் வாங்கறதுக்கு பதிலா இங்க 9 மில்லியனுக்கு வா, கையில நிக்கறது ஒண்ணுதான்னு சொல்லலாம். மிச்சமாகற 1 மில்லியன்ல இன்னொரு ஆள எடுத்துக்குவான். இதே மாதிரி ஏழெட்டு பேர்ட்ட பேசினா ஒரு நல்ல வீரரே ஓசில கிடைச்ச மாதிரி.

உங்க மச்சான் சும்மா சொல்லல. 2020ல இருந்து 2025 வரைக்கும் அந்த லீக்கோட ஸ்டான்லி கப் ஜெயிச்சது யாருன்னு பாருங்க, தம்பா பே ரெண்டு தடவை, கொலராடோ, வேகஸ், அப்புறம் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் ரெண்டு தடவை. ஆறுல அஞ்சு வரி இல்லாத மாநிலம், கொலராடோ ஜெயிச்ச வருஷமும் எதிர்ல ஃபைனல் ஆடினது தம்பாதான். ஆனா அவன்ட்ட ஒண்ணு திருப்பிக் கேளுங்க, இதே பாந்தர்ஸ் 2000க்கு அப்புறம் 2012 வரைக்கும் ப்ளே-ஆஃப் பக்கமே தலைகாட்டலயே, அப்ப மட்டும் ஃப்ளோரிடால வரி இருந்துச்சா? வாஷிங்டன் மாநிலத்து சியாட்டில்லயும் இந்த வரி இல்ல, அந்த டீம் கப் பக்கம் போகவே இல்லயே. என்னைக் கேட்டா வரி ஒரு நல்ல டீமுக்கு இன்னும் ஒரு கை குடுக்கும், உருப்படாத டீம தூக்கி நிறுத்தாது. டீம் நடத்தத் தெரிஞ்சவன் கையில கிடைச்சா அது ஆயுதம்.

அதோட வரி இல்லாத ஊர்ல வீடு வாங்கிட்டா முழுசா தப்பிச்சிடவும் முடியாது. பாதி மேட்ச் வெளியூர்ல, கலிஃபோர்னியா போய் ஆடினா அங்க இருந்த வேலை நாளுக்கு விகிதாச்சாரமா கலிஃபோர்னியாக்கு வரி கட்டணும். இதை அங்க ஜாக் டேக்ஸ்னு சொல்வாங்க. 1991ல மைக்கேல் ஜோர்டனோட சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய் லேக்கர்ஸ அடிச்சு சாம்பியன் ஆச்சு, அதுக்கப்புறம் கலிஃபோர்னியா புல்ஸ்காரங்கட்ட இங்க ஆடின நாளுக்கு வரி எங்கன்னு கேட்டுச்சு. சிகாகோ இருக்கிற இல்லினாய்ஸ் சும்மா இருக்குமா, எங்க ஆள்ட்ட வரி பிடிக்கிற மாநிலத்து ஆள்ட்ட மட்டும் நாங்களும் பிடிப்போம்னு பதிலுக்கு ஒரு சட்டம் போட்டுச்சு. அதுக்குப் பேரே ஜோர்டனின் பழிவாங்கல்! ரெண்டு தெருக்காரன் கோயில் திருவிழால முறைச்சிக்கிட்ட மாதிரி ஆரம்பிச்சு இன்னிக்கு கிட்டத்தட்ட வருமான வரி இருக்கிற எல்லா மாநிலத்துலயும் இது இருக்கு.

டென்னசி இன்னும் ஒரு படி மேல. வருமான வரி இல்லாத மாநிலம்னு பேரு, ஆனா கூடைப்பந்து ஐஸ் ஹாக்கி வீரருங்க வந்து ஆடினா ஒரு மேட்சுக்கு 2,500 டாலர், வருஷத்துக்கு மூணு மேட்ச் வரைக்கும், கோடீஸ்வரனுக்கும் நேத்து டீமுக்குள்ள வந்த சின்னப் பையனுக்கும் ஒரே ரேட்டு. சில சின்ன வீரருங்களுக்கு அன்னிக்கு சம்பாதிச்சத விட வரி ஜாஸ்தி. 2014ல அத எடுத்துட்டாங்க, கூடைப்பந்துக்காரங்களுக்கு மட்டும் அது நின்னது 2016ல. க்ளீவ்லண்ட் நகராட்சி வேற, வருஷத்துல 150 நாளுக்கு மேல டீமுக்கு உழைக்கிற அமெரிக்க ஃபுட்பால் வீரர்ட்ட, ரெண்டு நாள் இங்க இருந்தேன்னு கணக்கு பாக்காம 20 மேட்ச்ல ஒரு மேட்ச் இங்கன்னு கணக்கு போட்டு வசூல் பண்ணுச்சு. இன்னொருத்தர் அடிபட்டு தன்னோட ஊர்ல ட்ரீட்மென்ட்ல இருந்தவர், க்ளீவ்லண்டுக்கு வரவே இல்ல, அவர்ட்டயும் பிடிச்சாங்க. 2015ல ஒஹையோ சுப்ரீம் கோர்ட் ரெண்டையும் தப்புன்னு சொல்லிடுச்சு.

உங்க மச்சான் டல்லாஸ்ல இருக்கார்ல, பக்கத்துல கிராண்ட் ப்ரெய்ரி ஸ்டேடியத்துல டெக்ஸாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடறத பாத்திருப்பார். 2025ல அந்த மேஜர் லீக் கிரிக்கெட் மூணு ஊர்ல நடந்துச்சு, கலிஃபோர்னியால ஓக்லாண்ட், டெக்ஸாஸ்ல கிராண்ட் ப்ரெய்ரி, ஃப்ளோரிடால லாடர்ஹில். ஓக்லாண்ட் நாளுக்கு மட்டும் மாநில வரி உண்டு, மத்த ரெண்டு ஊருக்கு இல்ல. இதே மஞ்ச ஜெர்சிய மூணு நாட்டுல போடற ஒரு வெளிநாட்டு வீரர நெனச்சுப் பாருங்க, சென்னைல 20% ப்ளஸ் சர்சார்ஜ் செஸ், ஜோபர்க் சூப்பர் கிங்ஸுக்கு தென்னாப்பிரிக்கால 15%, டெக்ஸாஸ்ல அமெரிக்க மத்திய அரசு பொதுவா மொத்தத்துல 30% பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் ரிட்டர்ன் போட்டு கணக்கு பாத்து திருப்பி வாங்கணும். சிங்கம் ஒண்ணுதான், கூண்டு மூணு.

டீமுங்களும் வரிய சுத்தி காண்ட்ராக்ட வளைக்கும். பேஸ்பால் வீரர் ஷோஹே ஓடானிய டாட்ஜர்ஸ் 2023 டிசம்பர்ல 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலர்னு எடுத்துச்சு. ஆடற வருஷத்துல கைக்கு வர்றது வருஷம் 2 மில்லியன்தான், மிச்சம் 680 மில்லியன் 2034ல இருந்து 2043 வரைக்கும், வட்டியில்லாம. டீமுக்கு இப்போதைக்கு கையில காசு மிச்சம். வீரருக்கு என்னன்னா, 1996ல வந்த ஒரு மத்திய சட்டம், இந்த மாதிரி 10 வருஷமோ அதுக்கு மேலயோ சமமா பிரிச்சு வர்ற பணத்துக்கு, வாங்கற நேரத்துல ஆள் எந்த மாநிலத்துல குடியிருக்காரோ அந்த மாநிலம்தான் வரி கேக்க முடியும். அதுக்குள்ள கலிஃபோர்னியாவ விட்டுப் போயிட்டா அந்த 13.3% போச்சு. கலிஃபோர்னியா கணக்கு அதிகாரி இத மாத்துங்கன்னு நாடாளுமன்றத்துக்கே கேட்டுப் பாத்தாங்க.

கனடாலயும் ஒரு கேஸ். டொரன்டோ ஐஸ் ஹாக்கி டீம் 2018ல ஜான் தவாரெஸ அமெரிக்கால இருந்து இழுக்கும்போது 15.25 மில்லியன் டாலர சம்பளமா குடுக்காம கையெழுத்து போனஸா குடுத்துச்சு, ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல போனஸுக்கு 15% தான். கனடா வருமான வரித்துறை, பேர் என்னவா இருந்தாலும் இது சம்பளம்தான்னு சொல்லி மேற்கொண்டு வரி கேட்டுச்சு, அவர் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. என் அனுபவத்துல சொல்றேன், பேர மாத்தினா வரி மாறும்னு யாராவது சொன்னா முதல்ல டிபார்ட்மென்ட் ஆளோட கண்ணால அந்தத் தாளப் படிச்சுப் பாக்கணும்.

ஐரோப்பால ஃபுட்பால் வீரருங்க பேசறதே வரி போக கையில இவ்ளோன்னுதான். அங்க வரி ஏறினா அடி வீரருக்கு இல்ல, க்ளப்புக்கு. ஸ்பெயின்ல 2005ல வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு 24% ன்னு ஒரு சலுகை வந்துச்சு, பெக்காம் சட்டம்னே பேரு, 2015ல விளையாட்டு வீரருங்கள அதுல இருந்து எடுத்துட்டாங்க. பிரான்ஸ்ல 10 லட்சம் யூரோவுக்கு மேல சம்பளம் குடுத்தா மேல உள்ளதுக்கு குடுக்கறவன் 75% கட்டணும்னு கொண்டு வந்தப்ப 2013ல ஃபுட்பால் க்ளப்புங்க மேட்ச் ஆட மாட்டோம்னு ஸ்ட்ரைக் அறிவிக்கற அளவுக்குப் போச்சு, அப்புறம் ஸ்ட்ரைக்க கைவிட்டாங்க. நம்ம ஐபிஎல்ல பேச்சு எப்பவும் வரிக்கு முந்தின தொகைதான், அதனால வரி ஏறினாலும் எறங்கினாலும் பையன் பாக்கெட்தான்.

ஒரு விஷயத்துல மட்டும் நம்ம பையன் அமெரிக்கக் கோடீஸ்வர வீரர விட மேல. அவங்க அங்க டீமோட சம்பளக்காரங்க, 2017 சட்டத்துக்கு அப்புறம் ஏஜென்ட் கமிஷன கூட கழிக்க முடியாது. இவன் கழிக்கலாம், பில் மட்டும் இருந்தா.

அதனால இப்ப செய்ய வேண்டியது இதுதான் அண்ணே. பையன் பேர்ல தொழிலுக்குன்னு தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட், டீம் பணம் அதுல மட்டும் விழட்டும். தவணை விழுந்த அன்னிக்கே அதுல 15% எடுத்து தனி எஃப்டில போட்டுடுங்க, ஏடிஎம் கார்டுக்கு எட்டாத இடத்துல. மேட்ச் ஃபீஸ் வந்தா அதுல 25%, ஏன்னா அது மேல் ஸ்லாப்ல போய் உக்காரும். இது 50 லட்சம் சொச்சம் வரைக்கும் தாங்கும், நல்லா ஆடிட்டே போனா இன்னும் ஏத்தணும். கடனுக்கு இந்த வருஷம் 15 லட்சம் கட்டுங்க, தொகை குறைஞ்சா தவணைய குறைக்கச் சொல்லாம காலத்த குறைக்கச் சொல்லுங்க. மிச்சத்த வைங்க, அடுத்த டிசம்பர்ல டீம் விட்டுடுச்சுன்னா ஒரு வருஷம் சோறு போடணும். காண்ட்ராக்ட் காப்பிய கையெழுத்துக்கு முன்னாடி எந்த ஆடிட்டர்ட்டயாவது காட்டுங்க, திண்டுக்கல்லயே நல்ல ஆளுங்க இருக்காங்க, இதுக்காக சென்னை வர வேண்டாம். ஜூன் 15 காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டுடுங்க, ஐபிஎல் முடிஞ்சு பையன் ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கூட ஆகியிருக்காது, வீட்ல விருந்தும் மாலையுமா இருக்கும், அந்த சந்தோஷத்துல அது மறந்தே போயிடும்.